இருபத்தாறாவது பெயர்

போன இதழில் உலகக் கோப்பைக் கால்பந்து அணிகளைப் பற்றி நாலு வரி எழுதியிருந்தேன். ஆடும் பதினொரு பேரைப் பற்றி எல்லாரும் பேசுகிறார்கள், பட்டியலின் கடைசியில் இருக்கும் பெயர்களைப் பற்றிக் கேளுங்கள், எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன் என்று முடித்திருந்தேன். இத்தனை கடிதம் வரும் என்று நினைக்கவில்லை. இடம் இருக்கிற வரைக்கும் பதில் சொல்லிவிடுகிறேன்.

மாஸ்டர், ஆடுவது பதினொரு பேர். அதற்கு எதற்கு 26 பேர்? எங்கள் ஊர் டீம் 14 பேரோடு டோர்னமென்ட் போய்க் கோப்பையோடு திரும்பி வருகிறது.
(தூத்தூர், கன்னியாகுமரி மாவட்டம்)

உங்கள் ஊர்ப் பையன்களின் ஆட்டத்தை நான் பார்த்திருக்கிறேன் தம்பி. 14 பேர் போதும்தான். ஏனென்றால் ஒருவனுக்குக் கால் பிசகினால் சாயங்காலத்துக்குள் ஊரிலிருந்து இன்னொருவன் பைக்கில் வந்து இறங்கிவிடுவான். உலகக் கோப்பையில் அது நடக்காது. பட்டியலைக் கொடுத்த பிறகு யாருக்காவது பெரிய காயம் என்றால், அந்த அணியின் முதல் ஆட்டத்துக்கு 24 மணி நேரம் முன்பு வரைதான் வேறு ஆளைச் சேர்க்கலாம். அதற்கப்புறம் கோல்கீப்பரை மட்டும்தான் மாற்ற முடியும். மற்றபடி ஒரு மாதம் முழுக்க இருப்பவர்களை வைத்தே ஓட்ட வேண்டும். காயம் வரும், காய்ச்சல் வரும், இரண்டு மஞ்சள் அட்டை வாங்கி ஒருவர் வெளியே உட்காருவார்.

நெடுங்காலம் இந்த எண்ணிக்கை 22 ஆகத்தான் இருந்தது. 1998 பிரான்ஸ் உலகக் கோப்பை வரை அப்படித்தான். 2002ல் 23 ஆனது, அதில் மூன்று பேர் கோல்கீப்பர்கள். கத்தாரில் 2022ல் 26 ஆக்கினார்கள். கோவிட் பயம் இன்னும் போகவில்லை என்பது ஒரு காரணம். இன்னொன்று, அந்தப் போட்டி நவம்பர் 20ல் தொடங்கியது. ஐரோப்பாவில் லீக் ஆட்டங்கள் அதற்கு ஒரு வாரம் முன்பு வரை நடந்துகொண்டிருந்தன. ஓய்வே இல்லாமல் நேராக விமானம் ஏறி வருகிறவர்களுக்குப் பதில் ஆள் வேண்டாமா?

இந்த 26க்கு முன்னால் 55 பேர் வரைக்கும் ஒரு முதற்கட்டப் பட்டியல் உண்டு. 55 பெயர் கொடுத்த நாட்டில் 29 பேர் டிவி முன்னால் உட்கார்ந்துதான் போட்டியைப் பார்த்தார்கள். எனக்கு அவர்களைப் பற்றியும் எழுத ஆசை. இன்னொரு நாள்.

ஒரு கணக்கு சொல்கிறேன். 32 அணி, அணிக்கு 26 பேர் என்றால் 832 வர வேண்டும். கத்தார் பட்டியலில் இருந்தது 831 பேர். அந்த ஒரு காலி இடம் பிரான்சின் கரீம் பென்சிமாவுடையது. அதற்கு முந்தைய மாதம்தான் பாலோன் டோர் விருது வாங்கியிருந்தார், உலகத்தின் சிறந்த ஆட்டக்காரர் என்று. போட்டி தொடங்குவதற்கு முந்தைய நாள் தோஹாவில் பயிற்சியின்போது தொடையில் காயம். பிரான்சின் முதல் ஆட்டம் 22ஆம் தேதிதான், வேறு ஒருவரை அழைக்க நேரம் இருந்தது. கோச் டெஷாம் அழைக்கவில்லை. 25 பேரோடு ஆடி இறுதி ஆட்டம் வரைக்கும் போய், பெனால்டி ஷூட்-அவுட்டில் அர்ஜென்டினாவிடம் தோற்றார்கள். மறுநாள், தன் பிறந்த நாளன்று, பென்சிமா சர்வதேச ஆட்டத்திலிருந்து விலகுவதாக அறிவித்தார்.

கடைசி நேரத்தில் ஒருவர் பெயரை எடுத்துவிட்டு இன்னொருவரைப் போடுவது நியாயமா? எடுக்கப்பட்டவர் மனது என்ன பாடுபடும்?
(சேலம்)

அதே கத்தார் போட்டியிலேயே நடந்ததைச் சொல்கிறேன். நவம்பர் 16, அபுதாபி. அர்ஜென்டினா ஐக்கிய அரபு அமீரகத்தோடு ஒரு பயிற்சி ஆட்டம் ஆடி 5-0 என்று ஜெயிக்கிறது. அந்த ஐந்தாவது கோல் ஹோவாக்கின் கொரியா போட்டது. மறுநாள் அவர் பட்டியலில் இல்லை. காயம். அவர் இடத்துக்கு 21 வயது தியாகோ அல்மடா வருகிறார். அதே நாளில் நிக்கோலாஸ் கோன்சாலஸும் காயத்தால் போக, ஏஞ்சல் கொரியா உள்ளே வருகிறார்.

சரியாக ஒரு மாதமும் ஒரு நாளும் கழித்து, டிசம்பர் 18ல், லுசைல் ஸ்டேடியத்தில் அல்மடா உலகச் சாம்பியன். அவர் மொத்தமாக ஆடியது போலந்து ஆட்டத்தின் கடைசிச் சில நிமிடங்கள்தான். அது அவருக்கு நியாயமாகக் கிடைத்தது, நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அன்று ராத்திரி மெஸ்ஸி கோப்பையைத் தூக்கியபோது நான் ஹோவாக்கின் கொரியாவைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். பட்டியலிலிருந்து போவதற்கு முந்தின நாள் கோல் போட்டவர். வலியை மறைத்திருந்தால் உள்ளே இருந்திருக்கலாம். ஆனால் மறைத்து உள்ளே இருந்து, ஆட முடியாமல் போயிருந்தால் அணிக்கு ஓர் ஆள் குறைந்திருக்கும். நியாயமா என்று கேட்டீர்கள். அணிக்கு நியாயம். அவர் மனதுக்கு என்ன பதில் சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை.

மூன்றாவது கோல்கீப்பர் என்று ஒருவரை அழைத்துப் போகிறார்களே, அவருக்கு என்ன வேலை? ஊர் சுற்றிப் பார்க்கவா?
(மதுரை, ஒரு வாசகி)

இந்தக் கேள்விக்காகத்தான் நான் காத்திருந்தேன் அம்மா. நானே ரிசர்வ் கோல்கீப்பராக இருந்தவன்.

1980களின் நடுவில் சென்னையில் ஒரு தொழிற்சாலை அணியில் இரண்டு சீசன் இரண்டாவது கோல்கீப்பர். ஆட்டத்துக்கு முன் இருபத்தைந்து நிமிடம் முதல் கோல்கீப்பருக்கு நான்தான் பந்து அடிக்க வேண்டும். முதலில் நெஞ்சுக்கு, அப்புறம் இரண்டு பக்கமும் தரையோடு, கடைசியில் கார்னர் பந்து. என்னுடைய ஷாட் மெத்தனமாக இருந்தால் அவருடைய கை சூடேறாது. கை சூடேறாமல் போனால் முதல் பத்து நிமிடத்திலேயே கோல் விழும். விசில் ஊதியதும் நான் போய் பெஞ்சில் உட்காருவேன். மடியில் கிளவுஸ். 90 நிமிடமும் எதிரணி ஃபார்வர்டு எந்தக் காலால் அடிக்கிறான் என்று பார்த்துக்கொண்டே இருப்பேன்.

ஒரே ஒரு முறை உள்ளே போனேன். எங்கள் கோல்கீப்பருக்கு விரல் முறிந்துவிட்டது. 1-0 என்று முன்னால் இருந்தோம், இன்னும் 25 நிமிடம் பாக்கி. கை நடுங்கியது, மறைக்கவில்லை. அவர் மருத்துவமனைக்குப் போகாமல் துணியால் விரலைக் கட்டிக்கொண்டு என் கோல்போஸ்டுக்குப் பின்னால் வந்து நின்றார். "இடது பக்கம் ஒரு அடி", "இப்ப வெளியே வா", "நில்லு, நில்லு" என்று கடைசி வரைக்கும் அவர் குரல்தான் எனக்குக் கண். கோல் விழவில்லை.

உலகக் கோப்பையில் இந்த வேலையின் உச்சம் 2014 நெதர்லாந்து. சால்வடாரில் கோஸ்டா ரிகாவோடு காலிறுதி, 120 நிமிடம் ஆகியும் 0-0. பெனால்டி ஷூட்-அவுட்டுக்கு ஒரு நிமிடம் முன்னால், அதுவரை பிரமாதமாக ஆடிய கோல்கீப்பர் சில்லெசனை வெளியே எடுத்துவிட்டு டிம் க்ரூலை அனுப்பினார் கோச் வான் கால். அந்தப் போட்டியில் அதுவரை ஒரு நிமிடம்கூட ஆடாதவர் க்ரூல். ஐந்து பெனால்டிக்கும் சரியான பக்கம் பாய்ந்தார், இரண்டைத் தடுத்தார். 4-3.

அத்தோடு முடியவில்லை. அரையிறுதியில் அர்ஜென்டினாவிடம் தோற்ற பிறகு பிரேசிலியாவில் மூன்றாம் இடத்துக்கான ஆட்டம். பிரேசிலை 3-0 என்று முந்தியாயிற்று. 90 நிமிடமும் தாண்டிவிட்டது. அப்போது மூன்றாவது கோல்கீப்பர் மிஷெல் ஃபோர்மை உள்ளே அனுப்பினார் வான் கால். அவர் கால் வைத்ததும் நெதர்லாந்து தன் 23 பேரையும் களத்தில் இறக்கிவிட்டது. உலகக் கோப்பையில் 23 பேரையும் ஆடவைத்த முதல் அணி அதுதான். மூன்றாம் இடத்துக்கான ஆட்டம் யாருக்கும் வேண்டாத ஆட்டம் என்பார்கள். எனக்கு அந்த ஒரு மாற்றத்துக்காகவே அது மறக்க முடியாத ஆட்டம். டிவி முன்னால் எழுந்து நின்று கைதட்டினேன்.

2022ல் பிரேசிலும் அப்படிச் செய்தது. தென் கொரியாவை 4-1 என்று அடித்துக்கொண்டிருந்தபோது 80ஆவது நிமிடத்தில் அலிசனை எடுத்துவிட்டு மூன்றாவது கோல்கீப்பர் வெவர்ட்டனை அனுப்பினார்கள். 26 பேரும் ஆடியாயிற்று.

எல்லாம் நல்லபடியாகவே முடிவதில்லை. 1970, மெக்சிகோவில் லியோன் நகரம். மேற்கு ஜெர்மனியோடு காலிறுதி. இங்கிலாந்தின் கோர்டன் பேங்க்ஸுக்கு வயிற்றுக் கோளாறு. பீட்டர் பொனெட்டி உள்ளே வருகிறார். 2-0 என்று முன்னால் இருந்த இங்கிலாந்து 3-2 என்று தோற்றது. பொனெட்டி உலகக் கோப்பையில் ஆடிய ஒரே ஆட்டம் அது. 2020ல் அவர் இறக்கும் வரைக்கும் அந்தத் தோல்வியை அவர் தலையில் வைத்தே பேசினார்கள். நல்ல கோல்கீப்பர் அவர், செல்ஸி அணிக்குப் பல வருஷம் தூணாக நின்றவர். கொஞ்ச நேரத்தில் தயாராகி ஒரு காலிறுதிக்குள் இறங்குவது எப்படி இருக்கும் என்று அந்த 25 நிமிடத்திலிருந்து எனக்குக் கொஞ்சம் தெரியும். பொனெட்டியைத் திட்டுகிறவர்களோடு நான் சேர மாட்டேன்.

நான் ஏழாம் வகுப்பு படிக்கிறேன். ஜெர்சி நம்பரை யார் கொடுக்கிறார்கள்? 1 கோல்கீப்பருக்குத்தானா?
(திருச்சி)

இப்போது அப்படித்தான் பாப்பா. 1ஆம் எண் கோல்கீப்பருக்கு. மற்ற எண்களை அந்தந்த அணியே பேசி முடிவு செய்யும், நடுவில் எந்த எண்ணையும் விட்டுவிட்டுப் போகக் கூடாது. 2002ல் மரடோனாவுக்கு மரியாதையாக 10ஆம் எண்ணை யாருக்கும் கொடுக்காமல் விட அர்ஜென்டினா ஆசைப்பட்டது. உலகக் கோப்பையை நடத்தும் ஃபிஃபா அமைப்பு ஒப்புக்கொள்ளவில்லை. ஒர்த்தேகா போட்டுக்கொண்டார்.

முன்பு வேடிக்கையாக இருக்கும். அர்ஜென்டினா பல உலகக் கோப்பைகளில் பெயரின் முதல் எழுத்தை வைத்து வரிசையாக எண் கொடுத்தது, உங்கள் பள்ளிக்கூட வருகைப் பதிவேடு மாதிரி. 1982ல் 1ஆம் எண் யாருக்கு? நடுக்கள ஆட்டக்காரர் ஆர்டிலெஸுக்கு. கோல்கீப்பர் ஃபியோலுக்கு 7. மரடோனாவுக்கு மட்டும் விதிவிலக்கு, 10. நெதர்லாந்தும் 1974ல் அப்படித்தான் செய்தது. கோல்கீப்பர் யோங்ப்ளூட்டுக்கு 8. அங்கே விதிவிலக்கு க்ரைஃப், அவருடைய 14ஐ யாரும் தொடவில்லை.

1986 அர்ஜென்டினா அணியில் 1ஆம் எண் போட்டவர் செர்ஹியோ அல்மிரோன், ஒரு ஃபார்வர்டு. அந்தப் போட்டியில் அவர் ஓர் ஆட்டம்கூட ஆடவில்லை. ஆனால் உலகச் சாம்பியன். கோல்கீப்பர் பும்பிதோவின் எண் 18. அந்த உலகக் கோப்பையைத் தூர்தர்ஷனில் ராத்திரி கண்விழித்துப் பார்த்தோம். முதுகில் 18 எழுதிய கோல்கீப்பரைப் பார்த்து எங்கள் தெருவில் பெரிய விவாதமே நடந்தது.

கோப்பை ஜெயித்தால் பெஞ்சில் உட்கார்ந்தவருக்கும் மெடல் உண்டா?
(ஈரோடு)

இப்போது உண்டு. 1978லிருந்து அணியில் இருக்கும் எல்லாருக்கும் கொடுக்கிறார்கள். அதற்கு முன்பு 1974 வரைக்கும், இறுதி ஆட்டத்தில் ஆடியவர்களுக்கு மட்டும்தான்.

1966 இங்கிலாந்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஜிம்மி கிரீவ்ஸ் அந்த நாட்டின் தலைசிறந்த கோல் வேட்டைக்காரர், இங்கிலாந்துக்காக 57 ஆட்டத்தில் 44 கோல். பிரான்சோடு நடந்த மூன்றாவது ஆட்டத்தில் காலில் ஆழமாக வெட்டிவிட்டது, தையல் போட்டார்கள். அவர் இடத்துக்கு வந்தவர் ஜெஃப் ஹர்ஸ்ட். அர்ஜென்டினாவுக்கு எதிராக அந்த ஆட்டத்தின் ஒரே கோலை ஹர்ஸ்ட் போட்டார். இறுதி ஆட்டத்துக்குள் கிரீவ்ஸ் தேறிவிட்டாலும் கோச் ராம்சே அணியை மாற்றவில்லை. ஹர்ஸ்ட் மூன்று கோல் போட்டார். அந்தக் காலத்தில் உலகக் கோப்பையில் சப்ஸ்டிட்யூட்டே கிடையாது, 1970லிருந்துதான் வந்தது. ஆகவே கிரீவ்ஸ் கோட்டு சூட்டோடு ஓரத்தில் நின்று பார்த்தார். மெடல் இல்லை.

2007ல்தான் ஃபிஃபா மனம் மாறியது. 1930 முதல் 1974 வரை ஜெயித்த அணிகளில் விட்டுப்போன எல்லாருக்கும் மெடல் கொடுப்பது என்று முடிவெடுத்தார்கள். 2009ல் லண்டனில் பிரதமரின் இல்லத்தில் வைத்து 1966 அணியின் மற்றவர்களுக்குக் கொடுத்தார்கள். 43 வருஷம் கழித்து. கிரீவ்ஸ் வாங்கினார். அன்று வாங்கியவர்களில் பீட்டர் பொனெட்டியும் ஒருவர். ஆமாம், மேலே சொன்ன அதே பொனெட்டி. 1966ல் அவர் பேங்க்ஸுக்குப் பின்னால் ரிசர்வ். ஒரு நிமிடம்கூட ஆடாத போட்டி அவருக்கு மெடலைக் கொடுத்தது. இதை முதலில் படித்த அன்று எனக்குக் கண் கலங்கியது.

எங்கள் ஊருக்கும் பிரான்சுக்கும் பழைய உறவு. பிரான்ஸ் அணியில் இந்திய வம்சாவளியினர் யாராவது இருந்திருக்கிறார்களா?
(புதுச்சேரி)

இருந்தார். விகாஷ் தொராசூ. மொரீஷியஸிலிருந்து போன குடும்பம், முன்னோர் தெலுங்கர்கள். பிரான்சில் 1973ல் பிறந்தவர். லே ஹாவ்ர், லியோன், ஏசி மிலான் என்று பெரிய அணிகளில் ஆடியவர். 2006 ஜெர்மனி உலகக் கோப்பைக்கு ஜிதான் தலைமையிலான பிரான்ஸ் பட்டியலில் அவர் பெயர் இருந்தது.

சுவிட்சர்லாந்து, தென் கொரியா, இந்த இரண்டு ஆட்டத்திலும் கடைசிச் சில நிமிடங்கள் இறங்கினார். அவ்வளவுதான். அணி இறுதி ஆட்டம் வரைக்கும் போனது, அவர் பெஞ்சில். ஆனால் போகும்போதே கையில் ஒரு சூப்பர்-8 கேமரா கொண்டு போயிருந்தார், நண்பர் ஒருவர் கொடுத்தது. ஹோட்டல் அறை, ஜன்னல், காத்திருக்கும் நேரம், தன்னுடைய ஏமாற்றம் எல்லாவற்றையும் படம் எடுத்தார். பிறகு அது திரைப்படமாகவே வந்தது. கூட இருந்தவர்கள் எல்லாருக்கும் அது பிடிக்கவில்லை. அணிக்குள் நடப்பதை வெளியே காட்டலாமா என்ற கேள்வி நியாயமானதுதான். ஆனாலும் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் மனிதனின் மனது என்ன என்பதை உள்ளே இருந்தே ஒருவர் பதிவு செய்தாரே, அதற்காக நான் அவரை மதிக்கிறேன்.

2018ல் குரோவேஷியாக்காரர் ஒருவர் சப்ஸ்டிட்யூட்டாக இறங்க மாட்டேன் என்றாராமே?
(திருப்பூர்)

நிக்கோலா கலினிச். நைஜீரியாவோடு முதல் ஆட்டம், கடைசி நேரத்தில் இறங்கச் சொன்னபோது முதுகு வலி என்றார். கோச் டாலிச் நம்பவில்லை, வீட்டுக்கு அனுப்பிவிட்டார். மீதி 22 பேரோடு குரோவேஷியா இறுதி ஆட்டம் வரைக்கும் போனது. வெள்ளி மெடலைக் கொடுக்க முன்வந்தபோது, நான் ஆடவில்லையே என்று கலினிச் வாங்க மறுத்ததாகச் செய்தி வந்தது. அனுப்பியது சரி என்பதுதான் என் முடிவு. மெடலை மறுத்ததும் சரி. இரண்டையும் சொல்லிவிட்டேன்.

1950ல் வெறுங்காலோடு ஆட விடாததால் இந்தியா உலகக் கோப்பைக்குப் போகவில்லை என்பது உண்மையா?
(காரைக்குடி)

அந்தக் கதையை என் வாத்தியாரும் எனக்குச் சொன்னார். முக்கியக் காரணம் அது இல்லை. தகுதிச் சுற்றில் நம் பிரிவில் இருந்த மற்ற நாடுகள் விலகியதால் இந்தியாவுக்கு வாய்ப்பு வந்தது. பிரேசிலுக்குக் கப்பலில் நீண்ட பயணம், செலவு, ஒலிம்பிக்ஸ்தான் பெரிது என்ற எண்ணம், எல்லாம் சேர்ந்துகொண்டன. நம் கூட்டமைப்பு சொன்ன காரணங்களில் இரண்டு: பயிற்சிக்கு நேரம் போதவில்லை, அணித் தேர்வில் கருத்து வேறுபாடு. ஒரு பட்டியலில் ஒத்துப்போக முடியாமல் ஓர் உலகக் கோப்பையே போய்விட்டது என்பது இன்னும் என் நெஞ்சில் முள்ளாக இருக்கிறது.

என் பையன் மாவட்ட அணியில் இரண்டாவது கோல்கீப்பர். இரண்டு வருஷமாக ஒரு மேட்ச்கூட ஆடவில்லை. வீட்டுக்கு வந்து பேசாமல் படுத்துக்கொள்கிறான். நிறுத்திவிடச் சொல்லலாமா மாஸ்டர்?
(திண்டுக்கல், ஒரு தாய்)

அம்மா, அவன் மேட்ச் நாள் காலையில் எத்தனை மணிக்கு எழுந்திருக்கிறான் என்று பாருங்கள். நீங்கள் எழுப்பித்தான் எழுகிறான் என்றால் அவனோடு உட்கார்ந்து பேசலாம். உங்களுக்கு முன்னால் எழுந்து பையை எடுத்து வைத்துக்கொண்டிருந்தால் நிறுத்தச் சொல்லாதீர்கள்.

ஆனால் இரண்டு வருஷம் ஒரு மேட்ச்கூட இல்லை என்பது அதிகம். பயிற்சி ஆட்டங்களில் பாதி நேரமாவது அவனுக்குக் கொடுக்கச் சொல்லி நீங்களோ அவன் அப்பாவோ கோச்சிடம் போய்க் கேட்கலாம், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. நல்ல கோச் என்றால் தருவார். ஊரில் வேறு கிளப் இருந்தால் ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே ஆடட்டும். கோல்கீப்பருக்கு மேட்ச் கண்ணும் மேட்ச் காதும் மேட்ச் ஆடித்தான் வரும், பெஞ்சில் வராது. வயது பதினைந்து பதினாறுதான் இருக்கும் என்று நினைக்கிறேன். கோல்கீப்பர்கள் முப்பத்தைந்து வயதிலும் ஆடுகிறார்கள். வெவர்ட்டன் உலகக் கோப்பையில் இறங்கியபோது அவருக்கு 34.

அவன் கிளவுஸ் என்ன சைஸ் என்று அடுத்த கடிதத்தில் எழுதுங்கள். என்னிடம் 9ஆம் எண்ணில் ஒரு ஜோடி பிரிக்காமல் இருக்கிறது.